எம்.பி. எழுத்தில் கேள்வி போட்டு அமைச்சர் எழுத்தில் பதில் கொடுத்தால் நமக்கு என்ன கிடைக்கும்?

கரிசல்காடு:

வணக்கம். எங்கள் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே, தண்டவாளத்தை ஒட்டியே இருக்கிறது. ஆள் நின்று திறந்து மூடிய ரயில்வே கேட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுரங்கப்பாதை வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்தாற்போல மழை பிடித்தால் உள்ளே இடுப்பளவு தண்ணீர் நிற்கும், மோட்டார் வைத்து இறைக்க இறைக்கச் சுரந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் மேல் ஏறிக் கடக்கிறார்கள், அதைப் பார்க்கிறபோது வயிற்றைக் கலக்குகிறது. கதிர் அறுக்கிற மெஷினுக்கு அந்த உயரம் போதாது, அது சுற்றி வந்து சேர்வதற்கு வாடகை தனி. மனு கொடுத்துப் பார்த்தோம். பாதை ஒருத்தர் பொறுப்பாம், தண்ணீர் வடிய வேண்டிய வாய்க்கால் இன்னொருத்தர் பொறுப்பாம், மாற்றி மாற்றிக் கை காட்டுகிறார்கள்.

எம்.பி.யிடம் சொல்லி நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேள்வி கேட்க வைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் இளவட்டங்கள் சொல்கிறார்கள். பெரியவர்கள், "எழுதிக் கேப்பாக, எழுதிப் பதில் குடுப்பாக, தண்ணி நின்ன இடத்துலயேதான் நிக்கும்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் தெரிகிறது. அவையில் எழுந்து நின்று கேட்காமல் காகிதத்தில் மட்டும் கேட்கிற கேள்விக்கு அமைச்சர் உண்மையில் கட்டுப்பட்டவரா? பதில் மழுப்பலாக வந்தால் அதற்கு மேல் ஏதாவது வழி இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

கோப்புக்கட்டு:

தம்பி, நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், நாடாளுமன்றக் கேள்விகளுக்குத் தகவல் திரட்டி அனுப்புகிற பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் கேள்வி போய்ச் சேர்கிற இடத்தில் என்ன நடக்கும் என்பதில் இருந்து சொல்கிறேன்.

முதலில் வகை. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, குறியிடாத கேள்வி 230 வரை எடுத்துக்கொள்வார்கள். மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரம் போட்டதற்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன் மேல் துணைக் கேள்வி கேட்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் 20ம் முடிந்ததாக நான் பார்த்ததே அரிது, நாலைந்து கேள்வியோடு மணி அடித்துவிடும், மிச்சத்துக்கு எழுத்துப் பதில்தான். யாருடைய கேள்வி முதலில் வரும் என்பது குலுக்கல். நட்சத்திரம் இல்லாதவை முழுக்க முழுக்க எழுத்தில்தான், துணைக் கேள்வி கிடையாது. ஊர்ப் பிரச்சனை பெரும்பாலும் இந்த 230க்குள்தான் போகும், அதைக் குறைச்சலாக நினைக்க வேண்டாம்.

ஏன் என்றால், ஒரு மனு எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் அது வரிசையில் கிடக்கும். நாடாளுமன்றக் கேள்வி வந்தால் மற்ற கோப்பெல்லாம் மூடி வைக்கப்படும். பதில் சொல்ல வேண்டிய நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டது, அந்த அமைச்சகத்துக்கு வாரத்தில் ஒரு நாள் என்று முறை வைத்திருப்பார்கள், அதைத் தள்ளிப்போட முடியாது. டெல்லியில் இருந்து தலைமை அலுவலகம், அங்கிருந்து கோட்டம், அங்கிருந்து அந்தப் பாதையைப் பார்க்கிற பொறியாளர் வரைக்கும் தகவல் கேட்டுப் போகும், இன்று சாயங்காலத்துக்குள் வேண்டும் என்பார்கள். அந்தப் பொறியாளர் தன் கைப்பட "இந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, இத்தனை ரூபாய்க்கு மதிப்பீடு போட்டிருக்கிறோம், அனுமதி இன்னும் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். தப்பான தகவல் அவைக்குப் போய்விட்டால் அது உரிமை மீறல் வரை போகும் என்ற பயம் மேலிருந்து கீழ் வரை உண்டு. பல நேரம் பதில் தேதிக்கு முன்னாலேயே வேலை நகர ஆரம்பித்துவிடும். "நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது" என்று எழுத ஏதாவது ஒன்று வேண்டுமே என்பதற்காகவே அனுமதி கொடுத்த கோப்புகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மழுப்பலைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் எம்.பி. (அ), (ஆ), (இ), (ஈ) என்று நாலு துண்டாகக் கேட்டிருப்பார். பதில் "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒரே பத்தியாக வந்தால் அங்கேதான் கண்ணை வைக்க வேண்டும். எதற்குப் பதில் இல்லையோ அதை மறைப்பதற்காகத்தான் பெரும்பாலும் சேர்த்துக் கட்டுவார்கள். பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே டிக் போட்டுப் பாருங்கள், விடுபட்டது எது என்று தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்தொடரில் அந்த விடுபட்டதை மட்டும் தனிக் கேள்வியாகப் போட வேண்டும்.

அப்புறம், "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்றோ "பரிசீலனையில் உள்ளது" என்றோ வந்தால் சோர்ந்துபோக வேண்டாம். இந்த மாதிரி வாக்கியங்கள் உறுதிமொழியாகப் பதிவாகும். மக்களவையில் 1953ல் இருந்தே அரசு உறுதிமொழிகளுக்கான குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் கால நீட்டிப்பு கேட்டு அந்தக் குழுவிடம் அமைச்சகம் போய் நிற்க வேண்டும். வருடக்கணக்கில் இழுத்தடித்ததும் உண்டு, ஆனால் அந்தக் கோப்பு எளிதில் சாகாது.

மேலூர் நாத்து:

மேலே அண்ணன் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு நாளைக்கு 230 எழுத்துப் பதில் என்றால் அதை யார் படிக்கிறார்கள்? அமைச்சரே படித்திருப்பாரா? எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் பதில் சொல்வது எந்த அமைச்சருக்கும் சுகமான வேலை. முகநூலில் எம்.பி. ஒரு பிடிஎப் போடுவார், நாலு பேர் கைதட்டுவார்கள், அதோடு சரி.

எங்கள் பக்கம் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு அந்தச் சுரங்கத்தை ஏலம் விட்டு முடித்த செய்தி வந்தது. டிசம்பர் 9 சட்டமன்றத்தில் அதை எதிர்த்துத் தீர்மானம். 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் ஊர் ஊராகச் சனம் நடந்தது, நானும் என் அத்தையும் அதில் நடந்தோம், வயதான பொம்பளையாட்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த மாதம் 23ம் தேதி ஏலத்தை ரத்து செய்தார்கள். அந்த ரத்து எந்தக் கேள்விக்கும் பதிலாக வரவில்லை. சனத்தைப் பார்த்துத்தான் வந்தது. காகிதத்தில் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் உங்கள் சுரங்கப்பாதைக்கும் ஒன்றும் நடக்காது தம்பி.

தோப்பூர் பக்கம்:

நாத்து அக்கா சொல்வது ஏல விஷயத்தில் சரி, அங்கே எதிர்க்க வேண்டிய முடிவு ஒன்று கண்முன்னால் இருந்தது. ஆனால் எதுவுமே நடக்காமல் கிடப்பில் போட்டிருக்கிற வேலைக்கு எதிராக எத்தனை நாள் ஊர்வலம் போவீர்கள்? அங்கேதான் இந்தக் கேள்விகள் உதவுகின்றன.

எய்ம்ஸ் கதை எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்றார்கள். தோப்பூர் என்று முடிவாக 2018 ஜூன் ஆயிற்று. அந்த டிசம்பரில் மத்திய அமைச்சரவை 1,264 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது, 2019 ஜனவரி 27 பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். அதற்கப்புறம் சுற்றுச்சுவரைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. மதுரை, விருதுநகர் மட்டுமில்லாமல் பல கட்சி எம்.பி.க்களும் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் கேட்டார்கள். ஜப்பான் அரசின் கடனுதவி நிறுவனமான ஜைக்கா தரும் கடனை நம்பித்தான் வேலை நிற்கிறது, கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது, மதிப்பீடு 1,977.80 கோடியாக ஏறிவிட்டது என்பதெல்லாம் தேதியோடும் தொகையோடும் அவைக் குறிப்பில் ஏறிய பிறகு, "வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது" என்று மேடையில் பேசுவது யாருக்கும் முடியாமல் போனது. 2022ல் 50 மாணவர்களை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வைத்து வகுப்பு தொடங்கினார்கள், கட்டடம் எழும்பத் தொடங்க 2024 ஆகிவிட்டது. கேள்வி கேட்டதால் கட்டடம் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிலையும் முந்தின பதிலுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் சொன்ன தேதி எப்படி எப்படித் தள்ளிப்போனது என்று எந்த ஊர்க்காரரும் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. அந்த வரிசை இல்லாவிட்டால் வாய்க்கு வாய் வித்தியாசமாகத்தான் பேசிக்கொண்டிருந்திருப்போம்.

போடி ரயில் பாதையும் அப்படித்தான். அகலப் பாதையாக மாற்ற 2010 கடைசியில் மூடினார்கள், திரும்ப ரயில் ஓடியது தேனி வரைக்கும் 2022 மே, போடி வரைக்கும் 2023 ஜூன். இடையில் இருந்த அத்தனை வருடமும் ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

சட்டக்கல்லூரி:

இரண்டு பேர் பக்கமும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். "எங்களிடம் தகவல் இல்லை" என்று எழுத்தில் வாங்குவதே சில நேரம் பெரிய அடி. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள், எழுத்துப் பதில் மட்டும் மிஞ்சியது. அந்தக் கூட்டத்தொடரில்தான் ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட விவரம் பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வி எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. நாடே கொதித்தது. வாயால் சொல்லியிருந்தால் திரித்துவிட்டார்கள் என்று தப்பித்திருக்கலாம், எழுத்தில் கொடுத்ததை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

பழைய கதை ஒன்றும் உண்டு. 1957ல் எல்.ஐ.சி. பணம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது பற்றி மக்களவையில் கேள்வி வந்தது. பதில் பிடிகொடுக்காமல் இருந்தது. பெரோஸ் காந்தி விடவில்லை. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன் வேறு. திரும்பத் திரும்பப் பிடித்து இழுத்ததில் நீதிபதி சாக்ளா விசாரணை வந்து, நிதியமைச்சராக இருந்த நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலக வேண்டியதாயிற்று. முதல் பதிலோடு விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

மழுப்பல் பதிலுக்கு மேல் வழி கேட்டீர்கள் இல்லையா, இருக்கிறது. மக்களவை விதி 55ன்படி, ஒரு பதிலில் இன்னும் விளக்கம் வேண்டும் என்றால் அரை மணி நேர விவாதம் கேட்கலாம், எழுத்துப் பதிலை வைத்தும் கேட்கலாம். பதிலில் தகவல் தப்பு என்று ஆதாரம் இருந்தால் சபாநாயகரின் உத்தரவு 115ன் கீழ் எம்.பி. எழுதிக் கொடுத்து அமைச்சரைத் திருத்த வைக்கலாம். உங்களிடம் தேதி போட்ட புகைப்படம் இருந்தால் அதுதான் அந்த ஆதாரம்.

எம்.பி. எழுதுகிற கடிதம் வேறு, கேள்வி வேறு என்பதையும் ஊரில் சொல்லிவிடுங்கள். கடிதத்துக்கு எப்போது பதில் வரும் என்பது அமைச்சகத்தின் கையில். சி.ஆர்.பி.எப். தேர்வு மையம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு இந்தியில் பதில் வந்தது என்று மதுரை எம்.பி. சு.வெங்கடேசன் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கே போக வேண்டியிருந்தது, 2021 ஆகஸ்டில் ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும் என்று தீர்ப்பு வாங்கினார். கேள்வி என்றால் குறித்த நாளில் அவையின் முன் வைத்தே ஆக வேண்டும், நாளைக்கே யார் வேண்டுமானாலும் நாடாளுமன்ற இணையதளத்தில் எடுத்துப் படிக்கலாம்.

மேலூர் நாத்து:

சரி, தேதி வரிசையாகப் பதிவாகிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பதிலை அச்சடித்து டீக்கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒட்டுங்கள். ஊர் படிக்காத பதிலுக்கு எந்த அதிகாரியும் பயப்பட மாட்டார்.

கரிசல்காடு:

எல்லோருக்கும் நன்றி. இப்படி ஒன்று எழுதி வைத்திருக்கிறோம்: "எங்கள் ஊர் சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி மக்கள் சொல்லொணாத் துயரம் அடைவது அமைச்சருக்குத் தெரியுமா, உடனடியாகச் சரிசெய்ய ஆவன செய்ய முன்வருவாரா?" சரியாக இருக்கிறதா? திருமங்கலம் மதுரை மாவட்டம்தான், ஆனால் விருதுநகர் எம்.பி.யிடம்தானே கொடுக்க வேண்டும்?

கோப்புக்கட்டு:

ஆமாம், திருமங்கலம் விருதுநகர் தொகுதி. உசிலம்பட்டி, சோழவந்தான் என்றால் தேனி. அது தெரியாமல் மதுரை எம்.பி. அலுவலகத்தில் போய் நிற்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

கேள்வியை மாற்ற வேண்டும் தம்பி. "ஆவன செய்ய முன்வருவாரா" என்று கேட்டால் "தேவைக்கும் நிதி இருப்புக்கும் ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். சொல்லொணாத் துயரம் என்பதெல்லாம் உண்மைதான், பிள்ளைகள் தண்டவாளம் ஏறுவதை நினைத்தால் எனக்கும் பதறுகிறது, ஆனால் கேள்வியில் வாதம், அடைமொழி, குற்றச்சாட்டு இருந்தால் விதி 41ஐக் காட்டித் தள்ளிவிடுவார்கள். 150 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. ஒரே ஒரு ஊரை மட்டும் கேட்டால் சில்லறை விஷயம் என்று கழித்துவிடவும் இடம் இருக்கிறது, அதனால் மதுரைக் கோட்டம் முழுக்கக் கேளுங்கள், உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் தானாக வரும். வராவிட்டால் இன்னும் நல்லது, உங்கள் ஊரில் தண்ணீரே நிற்கவில்லை என்று எழுதிக் கொடுத்தது ஆகும், அங்கே படத்தைக் காட்டிப் பிடிக்கலாம்.

இப்படிப் போட்டுப் பாருங்கள்:

ரயில்வே அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) மதுரைக் கோட்டத்தில் கடந்த 5 ஆண்டுகளில் ரயில்வே கேட்டுகளுக்குப் பதிலாக அமைக்கப்பட்ட சுரங்கப்பாதைகளின் ஊர்வாரி விவரம்;
(ஆ) அவற்றில் தண்ணீர் தேங்குவதாகப் புகார் பெறப்பட்டவை எவை, ஒவ்வொன்றிலும் ஆண்டுவாரியாக எத்தனை நாள் போக்குவரத்து தடைபட்டது;
(இ) தண்ணீரை வெளியேற்ற ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கப்பட்ட தொகை, செலவிடப்பட்ட தொகை;
(ஈ) வடிகால் அமைக்க மாநில அரசைக் கேட்டுக் கடிதம் அனுப்பப்பட்டதா, ஆம் எனில் எந்தத் தேதியில்;
(உ) பணிகளை முடிக்க நிர்ணயித்துள்ள தேதி என்ன?

(ஈ)யை விட்டுவிடாதீர்கள். கை காட்டுகிற விளையாட்டு அதில்தான் முடியும். கடிதம் போயிருந்தால் அந்தத் தேதியோடு உங்கள் எம்.எல்.ஏ.விடம் போய்ச் சட்டமன்றத்தில் மறுபாதியைக் கேட்கச் சொல்லலாம். போகவில்லை என்றால் பொறுப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். சட்டமன்றத்துக்கும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு, மாவட்டம் மாவட்டமாக வந்து ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆய்வு செய்வார்கள், அந்த நாளில் அதிகாரிகள் எல்லோரும் கோப்போடு இருப்பார்கள்.

சட்டக்கல்லூரி:

கேள்விக்கு 15 முழு நாட்களுக்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்ததுமே எம்.பி. அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. எம்.பி.யின் உதவியாளர் பெரும்பாலும் அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார், ஒழுங்காக எழுதிக் கொடுக்கிற ஊர் கிடைப்பதே அவர்களுக்கு அபூர்வம்.

கரிசல்காடு:

ஆங்கிலத்தில் எழுதித் தர எங்கள் ஊர் டீச்சர் ஒத்துக்கொண்டார். கூட்டத்தொடர் தேதி வந்ததும் விருதுநகர் போகிறோம், போன மழையில் எடுத்த படங்களையும் தேதி தெரிகிற மாதிரி அச்சுப் போட்டு வைத்துவிட்டோம். கள்ளிக்குடி, சிவரக்கோட்டை பக்கம் இதே பிரச்சனை உள்ளவர்கள் இருந்தால் உங்கள் ஊர்ப் பெயரையும் ரயில்வே கேட்டை எடுத்த தேதியையும் இங்கே போடுங்கள், மனுவில் சேர்த்துக்கொண்டு எல்லா ஊர்க் கையெழுத்தோடும் போகலாம்.